அன்று கோயில் மாலைதான் கல்யாணம், இன்று பதிவுதான் கல்யாணமா?

ஊர் நகரத்தார் சங்கத் தலைவர் அண்ணனுக்கும், செயலாளர் தம்பிக்கும், செயற்குழுவில் இருக்கும் எல்லோருக்கும்,

போன மாதம் சங்கத்தின் லெட்டர்பேடில் நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் என் கையில் இருக்கிறது. என் தம்பி மகளுக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் நடந்த திருமணம் சட்டப்படி செல்லாதது, ஆகவே அவர்கள் பெயரைப் புள்ளிக் கணக்கிலிருந்து (கல்யாணமான தம்பதிகளை எண்ணும் ஊர்க் கணக்கிலிருந்து) நீக்கியாயிற்று, அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தையை ஊர்ப் பிள்ளையாக ஏற்க இயலாது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு பங்காளிகள் இரண்டு காரியம் செய்துவிட்டார்கள். தாசில்தார் ஆபீசில் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் மனுவில் எங்கள் பிள்ளையின் பெயரை விட்டுவிட்டார்கள். பெரிய வீட்டுக்கு விலை பேச வந்தவரிடம், சங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது, இனி வில்லங்கம் இல்லை என்று காட்டியிருக்கிறார்கள்.

நான் அந்தப் பெண்ணுக்கு அயித்தை. தேவகோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் பல வருஷம் தட்டச்சு செய்தவள். வக்கீலுக்குப் படிக்கவில்லை. ஆனால் மனு, பதில் மனு, தீர்ப்பு நகல் எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. தெரிந்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். தெரியாத இடத்தில் தெரிந்தவர்களைக் கேட்டுக்கொண்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறீர்கள் என்பதால் எழுத வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர். ஐயா காலத்திலேயே அங்கே குடியேறிய குடும்பம். எங்கள் ஊரில், எங்கள் வீட்டு வளவில்தான் கல்யாணம். கல்யாணத்தை ஏற்றதற்கு அடையாளமாக இரண்டு பக்கத்துக் கோயில் மாலையும் வந்தது. திருப்பூட்டினார்கள் (தாலி கட்டினார்கள்), இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதினார்கள், இரண்டு அப்பச்சிமாரும் (தகப்பன்மாரும்) கையெழுத்துப் போட்டார்கள். உங்களில் மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததற்குக் கல்யாண ஆல்பமே சாட்சி. பிறகு சார்பதிவாளர் ஆபீசில் பதிவும் செய்தோம். பிள்ளை பிறந்தான். மாப்பிள்ளை கோலாலம்பூருக்கும் இங்குமாகப் போய்வந்து கொண்டிருந்தார். போன வருஷம் அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். இறந்த பிறகுதான் அவருக்கு அங்கே பதிவுத் திருமணம் செய்த மனைவியும் பிள்ளைகளும் உண்டு, விவாகரத்து எதுவும் ஆகவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

எங்களுக்குத்தான் அப்போது தெரிந்தது. உங்களில் சிலருக்கு முன்பே தெரியும். துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர் அந்தக் கோலாலம்பூர்க் கல்யாணத்தைப் பற்றி என் தம்பியிடமே சொன்னார்: "அது வேற்று சாதிப் பிள்ளை, மாலை வாங்காத கல்யாணம், நாங்க யாரும் அதை ஒரு கல்யாணமா எண்ணலை." கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். அன்றைக்குச் சண்டை போடும் நிலையில் யாரும் இல்லை.

இப்போது கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் கோலாலம்பூர்ப் பதிவு உங்களுக்கு ஒன்றுமில்லை, கோயில் மாலைதான் கல்யாணம். அவர் இறந்த பிறகு கோயில் மாலை ஒன்றுமில்லை, கோலாலம்பூர்ப் பதிவுதான் கல்யாணம். முதலில் ஒரு பெண்ணை இல்லாதவள் ஆக்கினீர்கள், அப்புறம் இன்னொருத்தியை ஆக்கினீர்கள். இரண்டு தடவையும் வீட்டுப் பங்கு மட்டும் பத்திரமாக ஆண் பக்கத்துப் பங்காளிகளிடமே நிற்கிறது.

"சட்டப்படி செல்லாது" என்று எழுதினீர்களே, அதில் பாதி சரி. 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 5ஆவது பிரிவில் முதல் நிபந்தனையே, கல்யாணத்தின்போது இருவரில் யாருக்கும் ஏற்கெனவே ஒரு கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கக்கூடாது என்பதுதான். அதை மீறினால் 11ஆவது பிரிவின்படி அந்தக் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே இல்லை. கோர்ட் வந்து சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. கட்டாயப்படுத்தி, ஏமாற்றிச் சம்மதம் வாங்கிய கல்யாணம் வேறு வகை. அது 12ஆவது பிரிவில் வருகிறது. பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யும்வரை அது செல்லும். ஏமாற்று தெரிந்த ஒரு வருஷத்துக்குள் போகவும் வேண்டும். எங்கள் பெண்ணுடையது முதல் வகை. பதிவு செய்திருந்தாலும் அது மாறாது. அதை நாங்கள் மறுக்கவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் அந்த அம்மாதான் சட்டப்படி மனைவி. அவர் மீதும் எங்களுக்குக் கோபமில்லை, அவரும் ஏமாந்தவர்தான்.

ஆனால் நீங்கள் 11ஆவது பிரிவோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள். 16ஆவது பிரிவைப் படித்திருக்க வேண்டும். செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை முறையாகப் பிறந்த பிள்ளைதான் என்று அது சொல்கிறது. முதலில் அந்தப் பிரிவு கோர்ட் தீர்ப்பு வந்த கல்யாணங்களுக்கு மட்டும்தான் பொருந்துவதாக இருந்தது. 1976இல் திருத்தி, தீர்ப்பு வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளை முறையான பிள்ளையே என்று ஆக்கினார்கள். அப்பா ஏமாற்றினாரா, அம்மாவுக்குத் தெரியுமா என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்பதில்லை.

சொத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைக்கு அப்பா அம்மா சொத்தில்தான் உரிமை, மற்ற உறவினர் சொத்தில் இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. பூர்வீகச் சொத்து என்றால் என்ன செய்வது என்று வெகுகாலம் குழப்பம் இருந்தது. 2023 செப்டம்பர் 1ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், ரேவணசித்தப்பா வழக்கில் அதைத் தீர்த்துவைத்தார்கள். அப்பா இறப்பதற்குச் சற்று முன்பு பாகப்பிரிவினை நடந்ததாக வைத்துக்கொண்டால் அவருக்கு என்ன பங்கு வந்திருக்குமோ, அது அவர் சொத்து. அதில் செல்லாத கல்யாணத்துப் பிள்ளைக்கும் பங்கு உண்டு. பெரியப்பச்சி பங்கிலோ மற்றவர் பங்கிலோ கை வைக்க முடியாது. நாங்களும் கேட்கவில்லை. பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் அந்தப் பெரிய வீட்டில் இறந்தவருக்கு உரிய பங்கு எவ்வளவோ, அதில் கோலாலம்பூர்ப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளையும் ஒருவன். அவ்வளவுதான். வீடு இருப்பது சிவகங்கை மாவட்டத்தில். அந்த வீட்டுக்கு மலேசியச் சட்டம் வராது, இந்தச் சட்டம்தான் வரும்.

மலேசியச் சட்டத்தையே வைத்துப் பார்ப்போம் என்றாலும் உங்கள் கடிதம் நிற்காது. அங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமணச் சட்டம் 1976இல் வந்து, 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அங்கேயும் இந்துக்கள் வழக்கப்படி இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேதியோடு அது முடிந்தது. ஒரு மனைவி இருக்க, நாட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது. ஏமாந்த பெண்ணுக்குப் புருஷன் சொத்தில் வாரிசுரிமையும் கிடையாது. கறாரான சட்டம். இருந்தும் அதே சட்டம், கல்யாணத்தின்போது அப்பா அம்மா இருவரில் ஒருவராவது அது செல்லும் என்று நியாயமாக நம்பியிருந்தால் பிள்ளை முறையான பிள்ளைதான் என்கிறது. எங்கள் பெண் நம்பினாளா இல்லையா என்பதற்கு உங்களைவிட நல்ல சாட்சி யார்? நீங்களே முன்வரிசையில் உட்கார்ந்து நம்ப வைத்தீர்களே.

(அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் பார்த்தேன். நெருங்கிய உறவுக்குள் கல்யாணம் கூடாது என்று பட்டியல் போட்டுவிட்டு, இந்துக்கள் வழக்கப்படி அக்காள் தங்கை மகளைக் கட்டுவதற்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் தமிழ்ச் சனத்துக்காக மலேசிய நாடாளுமன்றம் எழுதிய ஒரு வரி! அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 2005இல் நேர் எதிராகப் போனது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துக்கு அங்கே அனுமதி கிடையாது. ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் பிள்ளைகள் இருக்கிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது.)

பிள்ளை விஷயத்தில் நம் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. ஏமாந்த பெண் விஷயத்தில்தான் கை சுருங்கிவிடுகிறது. புருஷன் உயிரோடு இருந்தால் ஜீவனாம்சம் கேட்கலாம். முதல் கல்யாணத்தை மறைத்து இரண்டாவது கட்டியவன், நீ என் மனைவியே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொன்னது. செல்லாத கல்யாணம் என்று தீர்ப்பானாலும் நிரந்தர ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லலாம் என்று 2025 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஆனால் அவன் செத்துப்போனால்? மனைவி என்ற முறையில் அவளுக்கு ஒரு செப்புக்காசுப் பங்கும் இல்லை.

மற்ற இடங்களில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் 1975ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, இறந்தவரை நம்பிக்கையோடு மணந்த பெண், அந்தக் கல்யாணம் செல்லாததாகவே இருந்தாலும், மனைவியைப் போல அவர் சொத்திலிருந்து கோர்ட் மூலம் கேட்கலாம் என்கிறது. பிரான்சில் நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்திலிருந்தே, நம்பி மணந்தவருக்கு அந்தக் கல்யாணத்தின் பலன்கள் கிடைக்கும் என்று இருக்கிறது. ஏமாற்றியவருக்குக் கிடைக்காது, பிள்ளைகளுக்கு எப்படியும் கிடைக்கும். கலிபோர்னியாவிலும், நம்பி வாழ்ந்த காலத்தில் சேர்த்த சொத்தில் பங்கு உண்டு. ஆஸ்திரேலியா 1975இல் குடும்பச் சட்டத்தை மாற்றியபோது, ரத்து செய்கிறவரை செல்லும் என்ற அந்த நடு வகையையே எடுத்துவிட்டது. அங்கே ஒன்று செல்லும், அல்லது செல்லாது. செல்லாவிட்டாலும் சொத்தைப் பிரித்துக் கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.

இதை எழுதுவது வெளிநாட்டைப் புகழ்வதற்காக இல்லை. இங்கிலாந்திலேயே 2020இல் அக்தர், கான் என்ற தம்பதியின் வழக்கில், சட்டப்படி பதிவு இல்லாமல் ஒரு ஓட்டலில் மதச் சடங்கு மட்டும் நடந்த கல்யாணம், செல்லாத கல்யாணம் என்று சொல்வதற்குக்கூடத் தகுதியில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. செல்லாத கல்யாணம் என்றால் பணம் கேட்க வழியுண்டு, கல்யாணமே இல்லை என்றால் அதுவும் இல்லை. லண்டனில் கோயிலில் திருப்பூட்டிவிட்டுப் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

சட்டம் கொடுக்காத இடத்தில்தான் சமூகம் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சங்கம். நீங்கள் சட்டம் கொடுத்ததையும் பிடுங்கியிருக்கிறீர்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. கொண்டுவிக்கப் (கடல் கடந்து வியாபாரம் செய்யப்) போன காலத்தில் பெண்டு பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் பர்மாவில் கடை வைத்தவர்களில் சிலர் அங்கேயும் குடும்பம் வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த, யாரும் பேசாத கதை. இந்து சட்டப்படி இது கல்யாணமே ஆகாது என்று சொல்லி அந்தப் பௌத்தப் பெண்களைக் கைகழுவ இந்திய ஆண்களுக்கு வசதி இருந்தது. அதற்குப் பதிலாகத்தான் 1939இல், பிற மதத்தாரை மணக்கும் பௌத்தப் பெண்களின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் என்றே பர்மாவில் தனிச் சட்டம் வந்தது. 1954இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அந்தச் சட்டம் வரக் காரணமானவர்களில் நம் ஆட்களும் உண்டு என்பது பெருமையா என்று நீங்களே சொல்லுங்கள்.

உள்ளூரிலும் பார்த்தோம். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், தெய்வானை ஆச்சி, சிதம்பரம் செட்டியார் வழக்கில், புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பெயர்களைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து வழக்கு என்று தெரியும். ஒரே தீர்ப்பில் எத்தனையோ குடும்பங்கள் கேள்விக்குறி ஆயின. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டசபை அதற்கு வழி செய்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், ஏற்கெனவே நடந்த கல்யாணங்களும் செல்லும் என்றார்கள். தப்பு என்று தெரிந்தபோது பின்னோக்கிப் போய்த் திருத்தலாம் என்பதற்கு அதைவிட நல்ல முன்மாதிரி நம் ஊரில் இல்லை. அரசாங்கத்துக்கு முடிந்தது ஒரு சங்கத்துக்கு முடியாதா?

உங்கள் கடிதத்தால் வீட்டில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் கார்த்திகைப் புதுமை (ஆண் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் சடங்கு) செய்ய வேண்டிய வயது. அப்பச்சி வீட்டில் விளக்கு வைக்கக்கூடாது என்று பங்காளிகள் சாவியைக் கொடுக்கவில்லை. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் சொல்லவில்லை. இதற்கெல்லாம் கோர்ட்டுக்கா போக முடியும்? ஐயர் முன்னால் நின்று, கோயில் மாலை போட்டு, ஊர் கூடி வாழ்த்திய பெண், சந்தைக்குப் போனால் யார் என்ன கேட்பார்களோ என்று வீட்டிலேயே இருக்கிறாள். அவளைப் பார்த்து, "பார்த்துக் கொடுத்திருக்கணும்" என்று என் தம்பியிடம் சொல்கிறீர்கள். எப்படிப் பார்ப்பது? மாப்பிள்ளையின் ஊர்ச் சங்கத்தைத்தானே கேட்டோம். நல்ல குடும்பம், வில்லங்கம் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அது வரும். வெளிநாட்டில் விவாகரத்தாகி இரண்டாவது கல்யாணத்துக்கு இங்கே பெண் தேடும் வரன்கள் இப்போது நிறைய வருகின்றன. அமெரிக்கக் கோர்ட் பேப்பர் ஒன்றைக் காட்டுவார்கள், நாமும் தலையாட்டுவோம். இந்து முறைப்படி இங்கே நடந்த கல்யாணத்துக்கு அங்கே கிடைத்த எல்லா விவாகரத்தும் இங்கே செல்லும் என்று இல்லை. எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ, அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகத்தான் விவாகரத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் மற்றவரும் மனமுவந்து அங்கே ஆஜராகி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1991இல் நரசிம்மராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த விவாகரத்து இங்கே செல்லாவிட்டால் முதல் மனைவி இன்னும் மனைவிதான். இரண்டாவதாகப் போகிற நம் பெண்ணின் நிலைமை என் தம்பி மகளின் நிலைமைதான். வெளிநாட்டு வாழ் இந்தியர் திருமணங்களுக்குத் தனிச் சட்டமே வேண்டும், பதிவு கட்டாயமாக வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் 287ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது. அது எப்போது சட்டமாகிறதோ ஆகட்டும். சங்கம் ஒரு தீர்மானம் போட டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

நான் கேட்பது இவைதான்.

முதலாவது, அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்குங்கள். வாபஸ் வாங்கியதாக எழுத்தில் எழுதி, தாசில்தாருக்கும் வீட்டுக்கு விலை பேசியவருக்கும் நகல் அனுப்புங்கள். யார் வாரிசு, யார் வாரிசு இல்லை என்று எழுத உங்களுக்கு அதிகாரம் கிடையாது. இனி எந்தக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு கடிதம் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போடுங்கள்.

பிள்ளையை ஊர்ப் பிள்ளையாக ஏற்று அவன் பெயரைச் சங்கப் பதிவேட்டில் எழுதுங்கள். கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைகள் பெயரையும் எழுதுங்கள். அவர்கள் அம்மா எந்தச் சாதி என்பது உங்கள் கேள்வி இல்லை. அவர்கள் அப்பச்சி யார் என்பதுதான் உங்கள் பதிவேட்டில் கேள்வி. வரும் கார்த்திகைக்குப் புதுமை அப்பச்சி வீட்டில் நடக்க வேண்டும், சாவியை வாங்கித் தரவேண்டியது உங்கள் பொறுப்பு.

அப்புறம், வெளிநாட்டு மாப்பிள்ளையோ பெண்ணோ என்றால், பாக்கு வெற்றிலை மாற்றுவதற்கு முன் அந்த நாட்டு அரசாங்கத்திடமிருந்து திருமண நிலைச் சான்று வாங்கி வரச் சொல்லுங்கள். மலேசியாவில் தேசியப் பதிவுத் துறை கொடுக்கிறது. சிங்கப்பூரில் திருமணப் பதிவகத்தில் தேடிப் பார்க்க வழி இருக்கிறது. முன்பு விவாகரத்து ஆனவர் என்றால் தீர்ப்பின் முழு நகலையும் வாங்கி, இங்கே ஒரு வக்கீலிடம் காட்டி, இந்தியாவில் அது செல்லுமா என்று எழுத்தில் கருத்து வாங்குங்கள். அந்தச் செலவைப் பிள்ளை வீட்டார் ஏற்கட்டும். இவை இல்லாமல் சங்கம் யாருக்கும் நல்ல குடும்பம் என்று வாய்வார்த்தைகூடச் சொல்லக்கூடாது. முதல் கல்யாணம் தெரிந்தும் மறைத்தவர் யாராக இருந்தாலும், செயற்குழுவில் இருந்தாலும், பொறுப்பிலிருந்து விலக்க வேண்டும்.

ஐப்பசிப் பொதுக்குழுவில் இதை முதல் பொருளாக எடுங்கள், என்னையும் பேச அழையுங்கள். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போன் வேண்டாம். அதற்குள் வரவில்லை என்றால் 16ஆவது பிரிவைக் காட்டிப் பங்குக்கும், வீட்டு விற்பனைக்குத் தடை கேட்டும் வழக்குப் போடுவோம். உங்கள் கடிதம் அதில் எங்கள் முதல் ஆவணமாக இருக்கும்.

இப்படிக்கு,
பிள்ளையின் அப்பத்தா முறையில்,
காரைக்குடிப் பக்கத்து ஒரு ஆச்சி